ஞானஸ்நானச் சீட்டு

பிஜித் தீவின் லௌடோகா ஊரில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்தும்படி என்னை யாரும் தேடி வந்து அழைக்கவில்லை. முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம், அதுவரை நடத்திக்கொண்டிருந்தவர் மனைவி பிள்ளைகளோடு சிட்னிக்குக் கிளம்பினார். கிளம்புகிற அன்று காலையில் நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு வந்து, துணி அளக்கிற மேசைமேல் கூடத்துச் சாவியை வைத்தார். “கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோம்மா, வேற ஆள் கெடைக்கிற வரைக்கும்” என்றார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. கிடைத்திருக்கக் கூடியவர்கள் எல்லாம் அவர் பின்னாலேயே விமானம் ஏறிவிட்டார்கள்.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தீவில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் எனக்கு மாப்பிள்ளை தேடியே அப்பா களைத்துப்போய்க் கண்ணை மூடினார். அவர் சபையில் உபதேசியாராக இருந்தவர். வேதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அந்தத் தமிழைப் பேச ஆள் இல்லாமல் போனது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, என் இரண்டு அண்ணன்களும் சிட்னியில் வீடு வாங்கிவிட்ட பிறகு, தமிழ் எனக்கு எழுத மட்டுமே உதவியது. கூட்டத்துப் பிள்ளைகளுக்கு பிஜி இந்திதான் வாயில் வரும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அதில்தான். இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கியே எழுதுகிறேன்.

கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடை மூடியதும். கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. கரும்பு அரைக்கிற மாதங்களில் ஆலைப் புகைபோக்கியிலிருந்து வந்த கரித்தூள் பெஞ்சுகளின்மேல் படிந்திருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு வந்தவன் பாடு திண்டாட்டம்தான். நான் துடைத்து முடிப்பதற்குள் அவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள்: ஸ்கூல் கடைசி வகுப்புப் பெண்கள், ஒர்க்ஷாப்பில் வேலை கற்றுக்கொள்கிற பையன்கள், நர்ஸிங் படிக்கிற ஒருத்தி.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. சுவிசேஷத்தில் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்போம். பிறகு ஒவ்வொருவரும் அதில் தனக்குப் புரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். புரிந்ததைச் சொல்ல விடமாட்டேன். புரிந்ததைச் சொல்லச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். அழகாக ஜெபிக்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வரும். “ஆண்டவர்கிட்ட பேசுறியா, எங்களுக்குப் பாட்டுப் போடுறியா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்களோடு வாரத்தில் இன்னொரு நாள் கடற்கரைச் சுவர் ஓரமாக நடப்பேன். காதல், பரீட்சை, பொழுதன்னைக்கும் நங்கோனா வேரைக் கரைத்துக் குடித்துவிட்டு மயங்கிச் சாய்ந்து கிடக்கிற அப்பா, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். நான் பாதியைக் கேட்டுக்கொண்டும் மீதியைத் திட்டிக்கொண்டும் நடப்பேன். அதற்குப் பெயர் சீஷத்துவப் பயிற்சி என்று பின்னால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் சொன்னார். பெரிய பெயர்தான்.

அப்படி ஒருவனையோ ஒருத்தியையோ மூன்று நான்கு வருடம் கூடவே நடத்தி, இனி இவர்களே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள் என்று நான் நினைக்கிற சமயத்தில்தான் விசா வரும். இதில் தவறியதே இல்லை. வழியனுப்பு ஜெபம், கேக், எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. ஆக்லாந்து, சிட்னி, பிரிஸ்பேன், கனடாவில் வான்கூவர். போன புதிதில் போன் செய்வார்கள். “சபை பாத்துட்டியா?” என்பேன். “பாக்கணும் அக்கா, ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனா டபுள் சம்பளம்” என்பார்கள். அவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கோபப்பட்டேன். பிறகு போன்களும் குறைந்தன.

அண்ணன்கள் என்னையும் வரச் சொன்னார்கள். கூட்டத்தை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை என்பது இல்லாவிட்டால் வாரத்தின் மற்ற நாட்களை நான் எப்படிக் கடத்தியிருப்பேன் என்று அவர்களுக்குப் புரியவைக்க முடியாது.

அப்படியிருக்கையில் ஒரு பெண் சவேனியிலிருந்து வந்தாள். சவேனி எங்கள் ஊருக்கு வெளியே கடலோரம். ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், இன்னொரு பக்கம் கடற்கரை. எங்கள் சபையில் ஞானஸ்நானம் கொடுப்பதே அந்தக் கடலில்தான். கடல் ஏறி நிற்கிற நேரம் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் போதகர் முழுக்கி எடுப்பார். ஒரு தடவை அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்து நின்றவள்தான் அவள். ஸ்கூல் யூனிபாரத்தோடு நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “முங்கி எந்திரிச்சவங்களுக்கு இப்ப என்ன மாறியிருக்கு?” என்று கேட்டாள். நான் எதையோ சொன்னேன். அவள் திருப்திப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவள் குடும்பம் இந்துக் குடும்பம். மெட்ராஸ் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கூட்டிவந்தவர்களின் வழி. அப்பா மாரியம்மன் கோவிலில் வருஷா வருஷம் தீமிதிப்பவர்களில் முன்னால் போகிறவர். எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இந்து வீட்டுப் பிள்ளை ஞானஸ்நானம் கேட்டால், நான் முதலில் அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் கையால் சாப்பிட்டு, பெற்றவர்களிடம் நேரில் கேட்பேன். அவர்கள் சரி என்று சொல்லாமல் தண்ணீரில் இறக்குவதில்லை. இதற்காகச் சபையில் என்னைக் கோழை என்றவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். வீட்டுக்குத் தெரியாமல் இறங்கி, பிறகு பெல்ட்டடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் கேட்டபோதும் போனேன். அவள் அப்பா தமிழ் பேசினார். எவ்வளவோ நாள் கழித்து ஒரு மனிதர் என்னிடம் முழுக்கத் தமிழிலேயே பேசியது எனக்கு வந்த காரியத்தையே மறக்கடித்தது.

“வாம்மா, குந்து. மொதல்ல சோறு துண்ணு. ஊட்டுக்கு வந்தவங்க கைய நனைக்காம போவக்கூடாது.”

சாப்பிட்டேன். பிறகு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “புள்ள அங்க வரட்டும், படிக்கட்டும், நல்லதுதானே சொல்லிக் குடுக்குற. தண்ணில எறங்குறது இப்ப வாணாம். இந்த வருசம் கரும்பு முடியட்டும், பாக்கலாம்” என்றார். கரும்பு முடிந்ததும் போனேன். கோவில் திருவிழா முடியட்டும் என்றார். அடுத்த வருடமும் போனேன். அப்படியே வருடங்கள் போயின. அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை, சரி என்றும் சொன்னதில்லை. போகும்போதெல்லாம் ஒரு பூசணிக்காயோ நாலு கத்தரிக்காயோ கொடுத்து அனுப்புவார்.

அவள் காத்திருந்தாள். அதில்தான் அவள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டாள். முணுமுணுக்கவில்லை. ஸ்கூல் முடித்தாள், ஊரில் ஒரு பார்மஸியில் வேலைக்குச் சேர்ந்தாள், வெள்ளிக்கிழமை தவறவில்லை. சின்னப் பெண்களை அவளாகவே கடற்கரைச் சுவர் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். தனக்குப் புரியாததைச் சொல்லும்போது அவளுக்கு நெற்றி சுருங்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் நின்று கோப்பைகளைக் கழுவுவாள். கழுவிக்கொண்டே பேசுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுக்கத் துணி கிழித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அவள் தண்ணீரில் இறங்குவதை ஒருநாள் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு கூடத்துச் சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அது சின்ன ஆசை இல்லை என்று இப்போது தெரிகிறது.

பிறகு மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு வந்தது. தலைநகர் சுவாவில் இந்தியர்களின் கடைகள் எரிந்ததை ரேடியோவில் கேட்டோம். எங்கள் பக்கம் தீ இல்லை, பயம் இருந்தது. அதே சமயத்தில் கரும்பு நிலங்களின் குத்தகையும் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தது. பூர்வகுடிகளான நிலத்துக்காரர்கள் புதுப்பித்துத் தரவில்லை. தாத்தா காலத்திலிருந்து இருந்த வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்தேன். துணிக்கடைக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு எந்த நிறச் சட்டை நன்றாக விழும் என்று என்னைக் கேட்டார்கள்.

அப்போதுதான் அந்த வதந்தி கிளம்பியது. எங்கள் சபைக் குடும்பம் ஒன்றுக்கு நியூசிலாந்து விசா சீக்கிரமாக வந்துவிட்டது. அவர்கள் காகிதங்களோடு போதகரிடம் ஞானஸ்நானச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார்களாம். போதும். ஞானஸ்நானச் சீட்டு இருந்தால் விசா உறுதி என்று மார்க்கெட்டில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு. அந்தக் குடும்பத்துப் பையன் கொதிகலன் மெக்கானிக், அவன் வேலைக்கு அங்கே ஆள் தேவைப்பட்டது என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கூடம் நிறைந்துவிட்டது. நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் பெஞ்சு போதாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். “அக்கா, எத்தன வாரம் வந்தா சீட்டு குடுப்பீங்க?” என்று ஒருவன் நேராகவே கேட்டான். அந்த நேர்மைக்காக அவனை எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் எழுந்து நின்று, இந்தச் சீட்டுக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னேன். நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. அக்கா ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தார்கள். போதகர் வயதானவர், யாரையும் கடிந்து பேசாதவர். “வரட்டுமேம்மா, எதுக்கோ வர்றாங்க, காதுல கொஞ்சம் விழுந்தா சரி” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. எதற்காக வருகிறார்கள் என்று தெரிந்தும் மரவள்ளிக்கிழங்கு அவித்து, சட்னி அரைத்து, பெரிய பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு போனேன். சத்தம் இருந்தது, செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. ஆள் நிறைந்த அறையில் நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு மத்தியானம் அவள் அப்பா துணிக்கடைக்கு வந்தார். கையில் வழக்கமான பை. துணி பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றார். பிறகு மேசையோரமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சரம்மா, புள்ளைக்கு அந்தத் தண்ணி வேலைய முடிச்சிடு. வர்ற ஞாயித்துக்கெழமையே ஆவட்டும்.”

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். “எதுக்கு அண்ணே இப்ப அவசரம்?”

“குத்தக முடிஞ்சிபோச்சி. ஆக்லாந்துல என் மச்சான் காயிதம் போட்டிருக்கான். புள்ளைக்கு வயசு தாண்டிப்போச்சாம், அவ காயிதத்த தனியா பாப்பாங்களாம். அந்தச் சீட்டு இருந்தா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அதுல ஒரு பிரயோசனமும் இல்ல அண்ணே. சத்தியமா சொல்றேன்.”

“இல்லாட்டி போவுது. இருக்கட்டும். இத்தன வருசம் கேட்டியே, இப்ப சரின்னு சொல்றேன்ல?”

அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, அலமாரியில் அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தன. வருடக்கணக்காக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் போனபின் நான் அளந்த துணியெல்லாம் தப்பாகப் போயிற்று.

ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது. எப்படியும் அவள் போகப்போகிறாள். போனபின் எந்தச் சபையோ, எந்தத் தொட்டியோ, யார் கையோ. இப்போது என்றால் சவேனிக் கடலிலேயே நடக்கும், நான் துண்டை விரித்துக்கொண்டு கரையில் நிற்பேன். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். என் கட்டுப்பாடு நிறைவேறிவிட்டது. எனக்கு ஆசையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து அவள் கோப்பை கழுவுகையில் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“நான் மாட்டேன் அக்கா.”

“ஏன்?”

“அப்பா சீட்டுக்குத்தான் சரின்னாரு. எனக்குச் சரின்னு சொல்லல.”

“உன் மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியும். அப்பா எதுக்குச் சொன்னா என்ன?”

“அப்பாவுக்கும் தெரியணும்.” கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “எங்க அப்பா தீமிதிக்கிறதுக்கு முன்னால பத்து நாள் கோவில்லயே படுத்துக்கிடப்பாரு. வாயத் தொறக்க மாட்டாரு, கறி தொட மாட்டாரு. போன வருசம் ஹோட்டல்காரன் ஒருத்தன் வந்து, டூரிஸ்ட்டுங்க பாக்கணும், இன்னொரு நாள் மிதிச்சுக் காட்டுங்க, காசு தர்றேன்னான். அப்பா அவன வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாரு. அந்தக் குழியில வேற எதுக்காகவும் கால் வைக்க மாட்டேன்னாரு. அவரு பொண்ணு நான். சீட்டுக்காகத் தண்ணில எறங்குனா அவரு என்ன எப்படிப் பாப்பாரு?”

“அவரேதானே எறங்கச் சொல்றாரு?”

“பயந்து போயிருக்காரு அக்கா. பயந்தவர் சொல்றத எடுத்துக்கிட்டு நாம ஓடக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. நீ போய்விடுவாய், நான் அதைப் பார்க்காமலே இருந்துவிடுவேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவள் கேட்டிருந்தாள். அதோடு நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் அவள் வீட்டில் கற்றிருந்தாள். இத்தனை வருடம் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தும் அது என் கண்ணில் படவில்லை. துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தேன். 

நான்தான் மறுத்துவிட்டேன் என்று அவள் அப்பா நினைத்துக்கொண்டார். அப்பாவிடம் தானே சொன்னதாக அவள் சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை. பிள்ளைக்குத் தன்னை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் இல்லை, டீச்சரம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றாராம். கத்தரிக்காய்ப் பை நின்றுபோனது. நான் சவேனிக்குப் போனபோது வெடுக்கென்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். தமிழில் பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே வீடு அது.

விசா வந்தது, அவளுக்கும் சேர்த்து. சீட்டு இல்லாமலே. நாந்தி விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. “அங்க போய் ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனேன்னு கேள்விப்பட்டேன், தொலைச்சுடுவேன்” என்றேன். அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். அவள் அப்பா பெட்டிகளோடு தள்ளி நின்றார். கடைசியில் வந்து கைகூப்பினார். முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று பையை அதில் வைத்துக்கொண்டேன். யாரும் உட்கார வரவும் இல்லை.

சீட்டு வாங்கியும் விசா கிடைக்காதவர்கள் பெருகியதும் வதந்தி தானாகச் செத்தது. வாசற்படிக் கூட்டம் போயிற்று, பிறகு பெஞ்சுக் கூட்டம் போயிற்று. எத்தனை வாரம் என்று நேராகக் கேட்டானே, அவன் மட்டும் கொஞ்ச நாள் வந்தான். எனக்கு அவன்மேல் நம்பிக்கை விழ ஆரம்பித்தபோது அவனும் மாமா பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிஸ்பேன் போனான். போதகர் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாம் என் வயதுக்கு மேலே. துணிக்கடை முதலாளியும் கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் போனார். நான் வீட்டில் தையல் எடுத்துச் செய்தேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை கூடத்தைத் திறந்தேன். பெஞ்சைத் துடைத்து, விளக்கைப் போட்டு, உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து, பூட்டியிருந்ததால் திரும்பிப் போனார்கள் என்று இருக்கக் கூடாதல்லவா? யாரும் வராத நாளிலும் பகுதியைச் சத்தமாகவே வாசிப்பேன். வாசித்துவிட்டு எனக்குப் புரியாததைச் சொல்வேன். சொன்னபின் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த நிறுத்தம்தான் தாங்காது. ஜெபத்தில் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஒருத்தரையாவது விட்டுவைத்திருக்கலாமே, உமக்கு ஆக்லாந்தில் ஆள் பஞ்சமா என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொன்னார் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போனேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் போன் அடித்தது. ஆண் குரல், தமிழ்.

“டீச்சரம்மா, நல்லாக்கிறியா? நான்தான்.”

அவள் அப்பா. அவர் சண்டையே நடக்காததுபோல் பேசினார். தான் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்ப்பதாகவும், குளிர் முட்டியைத் தின்பதாகவும் சொன்னார். தீமிதிக்க அங்கே இடமில்லையாம். 

“மக மறுபடி கேட்டா. இங்க அந்தச் சீட்ட யாருக்கும் காட்ட வாணாம். ஒன்னுத்துக்கும் ஒதவாது. அதனாலதான் இவ இத்தன நாள் எறங்காம காத்திருந்தான்னு எனக்கு இப்பதான் வெளங்குச்சி. சரின்னுட்டேன். அடுத்த மாசம். நானும் போயி கரையில நிக்கப்போறேன். நீ வரணும். டிக்கெட்டு நாங்க அனுப்புறோம்.”

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். விமான நிலையத்தில் அழாததையும் சேர்த்து அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அன்று மத்தியானமே கடைத்தெருவுக்குப் போய் நல்ல வெள்ளைத் துணி வாங்கினேன். தண்ணீரில் நனைந்தால் உடம்பு தெரியாத கனத்த துணி. அவள் உடம்பு என்ன அளவில் இருக்கும் என்று யூகித்துத் தைத்தேன். தைத்துக்கொண்டே பாடினேன். எனக்குப் பாட வராது.

விசாவுக்காகப் பஸ் ஏறி சுவாவுக்குப் போனேன். மற்றவர்கள் விசாவுக்காகக் கூடத்தில் ஜெபித்து ஜெபித்தே காலம் தள்ளியவள், எனக்கென்று ஒன்று கேட்டு வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை. அண்ணன்கள் கூப்பிட்டபோது போகாதவள். பெட்டி பாதி கட்டியாயிற்று, வெள்ளை உடுப்பு மேலாக மடித்து வைத்திருந்தது. விசா கிடைக்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

விசா அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஒரு இளம் பெண், நம் இந்திய வம்சத்துப் பெண்தான், மரியாதையாகப் பேசினாள். என் கூட்டத்தில் இருந்த எந்தப் பெண்ணின் வயதும் அவளுக்குப் பொருந்தும்.

“யாரப் பாக்கப் போறீங்க ஆன்ட்டி? உங்களுக்குச் சொந்தமா?”

“சொந்தம் இல்ல.”

“ஸ்கூல்ல உங்ககிட்ட படிச்சவங்களா?”

“இல்ல. சபையில, வாலிபர் கூட்டத்துல.”  அவள் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு முறைப்பெயர் இல்லை.

அவள் தலையசைத்தாள். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றாள். இல்லை. பிள்ளைகள்? இல்லை. நிலம்? கிடையாது, வாடகை வீடு. வேலை? கடை மூடிவிட்டது. கூடப்பிறந்தவர்கள்? சிட்னியில்.

“அப்ப நீங்க போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு இங்க யாரு இருக்காங்க ஆன்ட்டி?”

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், நான் யாரையாவது சொன்னால் அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள். பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். நான் பதில் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, “அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

யோசித்தேன். ஒவ்வொரு முகமாக வந்தது. ஒவ்வொரு முகத்தோடும் ஒரு ஊர் வந்தது, இந்தத் தீவில் இல்லாத ஊர். எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

“யாரும் இல்லம்மா” என்றேன்.